பறவைக் கணக்கு

உழவர் வீட்டுக் கணக்கு இரண்டு வகைப்படும். குதிரில் நெல் எவ்வளவு உள்ளது என்பது ஒன்று. அது நாளுக்கு எவ்வளவு குறைகிறது என்பது மற்றொன்று. முதற்கணக்கை மட்டும் அறிந்தவர், குதிர் நிறைந்திருக்கக் கண்டு மகிழ்ந்திருப்பார். அடியில் எலி துளையிட்டிருப்பதை அறியார். இரண்டாம் கணக்கையும் அறிந்தவரே குடும்பத்தைக் காப்பார். ஒரு நாட்டின் பறவைச் செல்வத்திற்கும் இவ்விரு கணக்குகளும் வேண்டும்.

நான் ஒரு பள்ளி ஆசிரியன். பறவை நூலில் வல்லவன் அல்லன். ஆயினும், காலைப் பொழுதில் ஏரிக்கரையில் நடந்து, கண்ட பறவைகளைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. அப்பழக்கம் என் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்பியது. ‘இப்பறவை அழிந்து வருகிறது’, ‘அப்பறவைக்கு இடர் இல்லை’ என்று செய்தித்தாள்களில் படிக்கின்றோம். மக்கள் தொகையை எண்ணுவதற்கு வீடு வீடாகச் செல்லலாம். வானில் பறப்பனவற்றிற்கு வீடும் இல்லை. கதவு எண்ணும் இல்லை. அவ்வாறிருக்க, அவற்றின் நிலையை அறிஞர் எவ்வாறு அளந்தறிகின்றனர்? இவ்வினாவிற்கு விடை தேடியபோது நான் அறிந்தவற்றை ஈண்டுக் கூறுகின்றேன்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1948-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. உலகில் இடருற்ற உயிரினங்களின் பட்டியலை அஃது 1964 முதல் வகுத்து வருகிறது. அதனைச் சிவப்புப் பட்டியல் என்பர். தொடக்கத்தில் அறிஞர்தம் பட்டறிவே அதற்கு அளவுகோலாக இருந்தது. ஒருவர் ‘இடர்’ என்றதை மற்றொருவர் ‘இடர் அன்று’ எனல் கூடும் அன்றோ? ஆதலின், 1994-இல் எல்லார்க்கும் பொதுவான விதிகள் வகுக்கப்பட்டன. பறவைகளைப் பொறுத்தவரை, பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் என்னும் அமைப்பு அவ்விதிகளைக் கொண்டு ஒவ்வோர் இனத்தையும் ஆராய்ந்து நிலை கூறுகிறது.

அந்நிலைகள் ஒரு படிக்கட்டைப் போன்றவை. மேற்படியில் இருப்பது கவலை குறைந்த இனம். அதன்கீழ் அச்சுறு நிலையை நெருங்கிய இனம். அதன்கீழ் அழிவாய்ப்பு இனம். பின்னர் அருகிய இனம். பின்னர் மிக அருகிய இனம். அதற்கும் கீழே, கூண்டில் மட்டும் உயிரோடிருப்பது இயலிடத்தில் அற்றுப்போன இனம். கடைசிப் படி அற்றுப்போன இனம். அப்படியை மிதித்த எதுவும் மீண்டும் மேலேறுவதில்லை.

ஓர் இனம் எந்தப் படியில் நிற்கிறது என்பதை முடிவு செய்யும் விதிகள் பல. அவற்றுள் இரண்டை மட்டும் காண்போம். முதல் விதி எண்ணிக்கையைப் பற்றியது. இனம் பெருக்கும் பருவம் எய்திய பறவைகள் உலகில் 1000-க்குக் குறைவாக இருப்பின் அஃது அழிவாய்ப்பு இனம். 250-க்குக் குறைவாயின் அருகிய இனம். 50-க்கும் குறைவாயின் மிக அருகிய இனம். இரண்டாம் விதி வீழ்ச்சியின் வேகத்தைப் பற்றியது. பத்து ஆண்டுகள், மூன்று தலைமுறைகள் ஆகிய இரண்டனுள் எது நீண்டதோ, அக்கால அளவிற்குள் நூற்றுக்கு 30 பங்கு குறைந்தால் அழிவாய்ப்பு இனம். 50 பங்கு குறைந்தால் அருகிய இனம். 80 பங்கு குறைந்தால் மிக அருகிய இனம்.

இவற்றுள் இரண்டாம் விதியே என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. இலட்சக்கணக்கில் வாழும் பறவையும் மிக அருகிய இனமாகலாம் என்பது அதன் பொருள். மிகுதி ஒரு காவல் ஆகாது. இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்திய பறவை நம் நாட்டுப் பறவையே.

பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகை இக்கால மாணவருள் பலர் கண்டிரார். என் இளமையில் எங்கள் ஊருக்கு வெளியே ஒரு மேடு இருந்தது. இறந்த மாடுகளை அங்கே கொண்டு சென்று போடுவர். சிறிது நேரத்தில் எங்கிருந்தோ பாறுகள் வட்டமிட்டு இறங்கும். மாலைக்குள் வெள்ளெலும்பே எஞ்சும். தீ நாற்றம் இல்லை, நோய் இல்லை. அவற்றின் தோற்றத்தைக் கண்டு நாங்கள் அருவருத்தோமேயன்றி, அவை செய்த பணியை ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை. நாடு முழுவதும் அவ்வாறே இருந்தது. உலகிலுள்ள பெரிய கொன்றுண்ணிப் பறவைகளுள் மிகுதியானது வெண்முதுகுப் பாறாகவே இருக்கலாம் என்று 1980-களில் அறிஞர் கருதினர்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்தோர் 1991 முதல் 1993 வரை வட இந்தியாவிலும் பிற பகுதிகளிலும் சாலை வழியே சென்று, கழுகு, பருந்து முதலிய பறவைகளை எண்ணிக் குறித்து வைத்தனர். அக்காலத்தில் பாறுகளுக்கு இடர் வரும் என்று எவரும் அஞ்சவில்லை. எண்ணுதல் நன்று என்பதற்காகவே எண்ணினர். சில ஆண்டுகள் சென்றன. இராசத்தான் மாநிலத்துப் பரத்பூரில் பாறுகள் கழுத்துத் தொங்கி, மரக்கிளைகளிலேயே அமர்ந்து உயிர்விடுவதை ஆய்வாளர் விபு பிரகாசு கண்டார். 2000-ஆம் ஆண்டில் அதே சாலைகளில் மீண்டும் எண்ணினர்; 2002, 2003, 2007 ஆகிய ஆண்டுகளிலும் எண்ணினர். 1992-இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் 2007-இல் ஒன்றே இருந்தது. வேறு இரு பாறு இனங்களிலும் நூற்றுக்கு மூன்றளவே எஞ்சின. மூன்று இனங்களும் மிக அருகிய இனங்களாக அறிவிக்கப்பட்டன.

கொன்றது யாது? வேடனின் வில் அன்று; காட்டை அழித்த கோடரியும் அன்று. மாடுகளின் வலி தீர இடும் டைக்குளோஃபினாக் என்னும் மருந்தே அது. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு ஒன்று 2004-இல் இதனை வெளிப்படுத்தியது. மருந்து ஏற்ற மாடு சில நாளில் இறந்து, அதன் இறைச்சியைப் பாறு உண்டால், அதன் சிறுநீரகம் கெட்டு மாண்டுவிடும். இறந்த மாடுகள் நூற்றனுள் ஒன்றுக்கும் குறைவானவற்றில் அம்மருந்து இருந்தாலும் இத்துணைப் பேரழிவு நேரும் எனக் கணக்கிட்டனர். ஒரு பிணத்தைப் பல பாறுகள் கூடி உண்ணும்; பெண் பாறோ ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும். இந்திய அரசு 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. பின்னர், அதே தீங்கு விளைக்கும் வேறு சில மருந்துகளும் தடை செய்யப்பட்டன. இன்று தமிழகத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் சில கூடு கட்டி வாழ்கின்றன.

இவ்வரலாற்றின் மையம் எது என்று எண்ணிப் பார்க்கின்றேன். 1991-இல் எவரும் எண்ணியிராவிட்டால், 2000-இல் எண்ணியது வெறும் எண்ணாகவே நின்றிருக்கும். ‘குறைவாக இருக்கின்றன’ என்று கூறியிருக்கலாம். ‘இத்தனை பங்கு குறைந்தன’ என்று கூறியிருக்க இயலாது. வேகம் தெரியாவிடின் காரணத்தைத் தேடும் விரைவும் பிறந்திராது. நிறைந்திருந்த காலத்தில் எழுதிய கணக்கே, குறைந்த காலத்தில் சான்றாக நின்றது. பாறுகள் குறைந்ததனால் பிணங்கள் அழுகின, தெருநாய்கள் பெருகின, நீர் மாசுற்றது. 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 இலட்சம் மனித உயிர்கள் இதனால் மிகுதியாக இழக்கப்பட்டன என்று பொருளியல் அறிஞர் இருவர் மதிப்பிட்டுள்ளனர். பறவைக் கணக்கு பறவைகளுக்கு மட்டும் உரிய கணக்கு அன்று.

இனி, முதல் விதியின் கடுமையை அறியக் கானமயிலைக் காண்க. பறக்கும் பறவைகளுள் மிகுந்த எடையுடையவற்றுள் ஒன்று இது. ஒரு காலத்தில் தமிழகத்துப் புல்வெளிகளிலும் இது வாழ்ந்தது. 1969-இல் நாட்டில் ஏறத்தாழ 1260 இருந்தன என மதிப்பிட்டனர். இன்று அவ்வெண்ணிக்கை 200-ஐயும் எட்டாது. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை இராசத்தானின் தார்ப் பாலைப் பகுதியில் உள்ளன. 2011-இல் இது மிக அருகிய இனமாயிற்று. புல்வெளிகள் விளைநிலங்களாயின, எஞ்சிய வெளிகளின் குறுக்கே மின்கம்பிகள் ஓடின. இப்பறவையின் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை. நேரெதிரே உள்ள கம்பி அதற்கு எளிதில் தெரியாது. உடல் பெரிதாகையால் விரைந்து திரும்பவும் இயலாது. இத்துணைச் சிறு தொகையில், ஒரு கம்பியில் மோதி ஒரு பறவை மாள்வதும் நாட்டிற்குப் பேரிழப்பாகும்.

சிலர் வினவக்கூடும்: ‘நெடுங்காலம் காணப்படாத பறவையை அற்றுப்போனது என்று எழுதிக் கணக்கை முடித்துவிடலாகாதா?’ என்று. அவ்வாறு எழுத அறிஞர் எளிதில் துணியார். அதற்குத் தக்க காரணம் உண்டு. ஜெர்டன் என்பவர் 1848-இல் கண்டறிந்த ஒரு பறவை, அவர் பெயரால் வழங்கப்படுகிறது. 1900-க்குப் பின் அதனை எவரும் காணவில்லை. அற்றுப்போயிற்று என்றே உலகம் கருதியது. 1986-இல் ஆந்திரத்தின் கடப்பைப் பகுதிப் புதர்க்காட்டில் அது மீண்டும் கிடைத்தது. கலிவிக்கோடி என்று அவ்வூர் மக்கள் அதற்குத் தம் மொழியில் பெயரும் வைத்திருந்தனர்! 1884-க்குப் பின் காணப்படாத காட்டுச் சிற்றாந்தை 1997-இல் மகாராட்டிரத்தில் காணப்பட்டது. இவற்றை அற்றுப்போனவை என்று எழுதி முடித்திருந்தால், அவற்றின் காடுகளைக் காக்க எவர் முன்வந்திருப்பர்? ஆதலின், 1876-க்குப் பின் உறுதியாகக் காணப்படாத இமயமலைக் காடையும், நெடுங்காலமாக நம் நாட்டில் உறுதியான சான்று கிடைக்காத இளஞ்சிவப்புத்தலை வாத்தும் இன்னும் மிக அருகியவை என்றே எழுதப்பட்டுள்ளன. அந்த ஏட்டில் நம்பிக்கைக்கு ஒரு வரி விட்டு வைத்திருக்கிறார்கள்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. உலகக் கணக்கு வேறு. நாட்டுக் கணக்கு வேறு. சைபீரியக் கொக்குகள் குளிர்காலந்தோறும் பரத்பூருக்கு வந்துகொண்டிருந்தன. 1960-களில் 200 அளவில் வந்த அவை, ஆண்டுதோறும் குறைந்து, 2002-ஆம் ஆண்டுடன் வருகையை நிறுத்திக்கொண்டன. சீனாவின் போயாங் ஏரியில் அவை இன்றும் சில ஆயிரம் உள்ளன. உலகம் அவற்றை இழக்கவில்லை. நம் நாடு இழந்துவிட்டது. ஒரு பறவை உலகில் எங்கேனும் நலமாக இருக்கிறது என்பது, நம் ஏரி வெறிச்சோடியதற்கு ஆறுதல் ஆகுமோ?

எனவே, ஒவ்வொரு நாடும் தன் கணக்கைத் தானே எழுதுதல் வேண்டும். இந்தியப் பறவைகளின் நிலையைக் கூறும் முதல் அறிக்கை 2020-இல் வெளிவந்தது. இரண்டாம் அறிக்கையைப் பதின்மூன்று நிறுவனங்கள் கூடி 2023-இல் வெளியிட்டன. 942 இனங்கள் அதில் ஆராயப்பட்டன. அதற்கு அடிப்படையாக நின்றவை 30,000-க்கும் மேற்பட்டோர் எழுதி அளித்த மூன்று கோடிப் பதிவுகள். அவர்களுள் பெரும்பாலார் ஊதியம் பெறாத ஆர்வலர். ஆசிரியர், மாணவர், மருத்துவர், உழவர் எனப் பலதிறத்தார்.

அவர்கள் செய்வது எளிய செயல். ஓரிடத்தில் சிறிது நேரம் நின்று, கண்டும் கேட்டும் அறிந்த பறவைகள் அனைத்தையும் எழுதுவர். காக்கையையும் மைனாவையும் விடுதல் கூடாது. அத்தகைய பட்டியல்கள் நூற்றில் எத்தனையில் ஒரு பறவையின் பெயர் இருக்கிறது என்று அறிஞர் நோக்குவர். முன்னாளில் நூற்றில் நாற்பதில் இருந்த பெயர் இந்நாளில் இருபதில் மட்டுமே இருப்பின், அப்பறவை அருகி வருகிறது என்பது விளங்கும். ‘இன்று காணவில்லை’ என்பதும் இம்முறையில் ஒரு சான்று ஆகிறது.

நெடுங்கால மாற்றத்தைக் கூறும் அளவிற்குச் சான்று கிடைத்தவை 338 இனங்கள். அவற்றுள் 204 குறைந்துள்ளன, 98 நிலையாக உள்ளன, 36 பெருகியுள்ளன. மயிலும் குயிலும் பெருகியவற்றைச் சேர்ந்தவை. சிட்டுக்குருவி நாடெங்கும் அழிகிறது என்று பலர் வருந்துகின்றனர். அது பெருநகரங்களில் குறைந்திருப்பினும், நாடு முழுவதையும் நோக்கின் ஏறத்தாழ நிலையாகவே உள்ளது என்று 2020-ஆம் ஆண்டின் அறிக்கை கூறியது. ஆனால், எவரும் கவலைப்படாத பனங்காடை பெரிதும் குறைந்திருந்தது. உலகப் பட்டியலில் அப்போது கவலை குறைந்த இனமாக இருந்த அதனை மீண்டும் ஆராய வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் அறிக்கை பரிந்துரைத்தது. கணக்கு நம் அச்சத்தையும் திருத்துகிறது; நம் அமைதியையும் திருத்துகிறது.

தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகளை எண்ணும் வழக்கம் உள்ளது. ஓராண்டு என் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அண்டை ஊர் ஏரிக்குச் சென்றேன். கரையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “வாத்தியார் ஐயா, காணாமற் போனதைத் தேடினால் பொருள் உண்டு. கண்ணெதிரே இருக்கும் காக்கையை எண்ணி என்ன ஆகப்போகிறது?” என்று கேட்டார்.

“பெரியவரே, பாறுகளைப் பார்த்திருக்கிறீர்களா?” என்றேன்.

“பார்க்காமல் என்ன? மாடு செத்த அன்று வானமே கறுத்துவிடும்.”

“இவ்வூரில் எத்தனை இருந்திருக்கும்?”

அவர் வாய் திறந்தார், விடை வரவில்லை. சற்று நேரம் கழித்து, “அப்போது யார் எண்ணினார்கள், ஐயா?” என்றார்.

அதன்மேல் நான் ஒன்றும் கூறவில்லை. கூற வேண்டுவதும் இல்லை. முதியவர் எழுந்து, கரையோரத்தில் தலையற்று நின்ற மொட்டைப் பனை ஒன்றைச் சுட்டிக் காட்டினார். “அதன் பொந்தில் கோடைதோறும் பனங்காடை முட்டையிடும். மரம் என்னுடையதுதான். சூளைக்கு விறகாகக் கேட்கிறார்கள்” என்றார். பிறகு என் மாணவி ஒருத்தியிடம், “அம்மா, அதையும் எழுதிக்கொள்” என்றார். அவளும் மரத்தையும் பொந்தையும் குறித்துக்கொண்டாள். மறு ஆண்டு பொங்கலுக்கு நாங்கள் சென்றபோது, அக்கரையில் இருந்த பனைகளுள் நான்கு இல்லை. அந்த மொட்டைப் பனை மட்டும் நின்றது. அதன் உச்சியில் பனங்காடை ஒன்று அமர்ந்திருந்தது.

ஒரு பெயரை ஏட்டில் எழுதுவதனால் மட்டும் ஒரு பறவை பிழைத்துவிடாது. மருந்தைத் தடை செய்யச் சட்டம் வேண்டும். புல்வெளியைக் காக்க அரசு வேண்டும். மரத்தை விற்காதிருக்க ஒரு மனம் வேண்டும். ஆயினும், இவை மூன்றும் எதனைக் காப்பது, எப்போது விரைவது என்று அறிதற்குக் கணக்கே துணை. இடர் வந்தபின் எழுதத் தொடங்கும் கணக்கு, இழந்த பின் எழுதும் கணக்காக முடிதல் கூடும்.

மாணவர்களே! உங்கள் ஊரில் ஓர் ஏரியோ, ஒரு தோப்போ, பள்ளியின் பின்புறத்தில் ஒரு வேப்பமரமோ இருக்கும். திங்களுக்கு ஒரு நாள், ஒரே இடத்தில், கால் மணி நேரம் நின்று நோக்குங்கள். நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். கண்ட பறவைகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். இது நாள்தோறும் காண்பதுதானே என்று எதனையும் விட்டுவிடாதீர்கள். இன்று நிறைந்து வாழும் பறவையின் நாளைய நிலையை உங்கள் ஏடு ஒரு நாள் கூறும். பின்னாளில் ஒருவர், “அப்போது யார் எண்ணினார்கள்?” என்று கேட்பாராயின், “நாங்கள் எண்ணினோம்” என்று விடை கூறும் உரிமை உங்களுக்கு இருத்தல் வேண்டும்.